கடல்சேற்றுக்கு ஒரு நாள் ஓய்வு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். வரட்டுமே. கோபம் இல்லாதவளாக இருந்திருந்தால் எங்கள் அளவீட்டு அறை எப்போதோ அரட்டை மடமாகியிருக்கும். ஆளாளுக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்து, வெளியே குளிர்காற்று அடிக்கிறது, உங்கள் அறைதான் கதகதப்பாக இருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள். கதவு திறந்தால் அறையின் சூடு மாறும். சூடு மாறினால் என் கணக்கு போச்சு.

எங்கள் வேலையைச் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கடலடியிலிருந்து குழாய் குழாயாகச் சேறு எடுத்து வருவோம். குழாயை மேசைமேல் கிடத்தி, ஒரு பக்கம் ஒலியை அனுப்பும் வில்லையையும், எதிர்ப்பக்கம் அதைக் கேட்கும் வில்லையையும் வைத்து அழுத்துவோம். ஒரு சின்ன ஒலி கிளம்பும். அது சேற்றைக் கடந்து மறுபக்கம் வந்து சேர்ந்ததும் திரையில் ஓர் அலை எழும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம், அவ்வளவுதான். மணலில் ஒலி விறுவிறுவென்று ஓடும். களிச்சேற்றில் தண்ணீரைவிடக்கூடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். உள்ளே வாயுக் குமிழ் இருந்துவிட்டால் போன ஒலி போனதுதான், மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

இதில் ஒரு விதி உண்டு. குளிரில் ஒலி மெதுவாகப் போகும், சூட்டில் வேகமாகப் போகும். ஆகவே கடலிலிருந்து வரும் குழாய்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு முழு நாள் அறையில் சும்மா கிடத்த வேண்டும். சேறும் தண்ணீரும் கருவியும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்க வேண்டும். இந்த விதியை நான் உண்டாக்கவில்லை, எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டது. ஆனால் அதைக் கட்டிக்காப்பது நான். அவசரம் என்று வந்து நிற்பவர்களிடம், சேறு தூங்குகிறது, நாளைக்கு வாருங்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவேன். இயக்குநருக்கே ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இப்போது அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணி விரிகுடாவின் மறுகரையில் நர்ஸ். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை வருவார், மற்றபடி அந்தக் கரைக்கு எல்லாமே அவள்தான். அண்ணன் இந்தக் கரையில் எங்கள் அலுவலகப் படகை ஓட்டுகிறான். விடுமுறை நாளில்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, கிளினிக்கைக் கட்டிக்கொண்டாள் என்பான் அண்ணன். ஆனாலும் அவளைப் பற்றி வெளியாள் ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாது, எகிறிவிடுவான்.

மறுகரையில் படகுத்துறை கிடையாது. தண்ணீர் வற்றினால் கரை வரைக்கும் தொடையளவு சேறு. உடம்பு முடியாதவர்களைப் பலகையில் கிடத்தி, நாலு பேர் அந்தச் சேற்றில் நடந்து படகுக்குக் கொண்டுவர வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்குப் பாதிச் சேற்றிலேயே பிரசவம் ஆகிவிட்டது. அண்ணிதான் முழங்கால் புதைய நின்று பார்த்தாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பிறகு அண்ணி அதிகாரிகளை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டாள். மனு எழுதினாள், அலைந்தாள், சண்டை போட்டாள். கடைசியில் கிளினிக்குக்கு எதிரிலேயே படகுத்துறை கட்டலாம், முதலில் கடலடி தாங்குமா என்று பாருங்கள் என்று உத்தரவு வந்தது. பார்க்கும் வேலை எங்களுக்கு வந்தது.

அண்ணன் படகில் போய்க் குழாய்களை எடுத்து வந்தான். நான் விதிப்படி ஒரு நாள் கிடத்தி அளந்தேன். ஒரு குழாயில்கூட ஒலி மறுபக்கம் வரவில்லை. திரை கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தது. போதாததற்குக் குழாய்களின் மூடிகள் புடைத்துக்கொண்டு நின்றன. மூடி போடும்போது உள்ளே காற்றை விட்டுவிட்டாய், இத்தனை வருஷமாகப் படகு ஓட்டி இதுகூடவா தெரியாது என்று அண்ணனை எல்லார் எதிரிலும் பிடிபிடியென்று பிடித்தேன். அவன் பாவம், ஒழுங்காகத்தான் போட்டேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். ஓரத்துக் காற்றை ஒதுக்கிவிட்டு நடுப்பகுதியில் அளந்து பார்த்தேன். அங்கேயும் அதே கதை. சேறு முழுக்க வாயு என்று எழுதிக் கொடுத்தேன்.

துறைமுக இன்ஜினியர் அதைப் படித்துவிட்டு, வாயு நிறைந்த சேற்றில் தூண் இறக்கினால் என்றைக்கிருந்தாலும் ஆபத்து என்று கையை விரித்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். படகுத்துறை, அந்த ஊரை ஒட்டி நிற்கும் குன்றுக்கு அந்தப் பக்கம் பாறை முனைக்குப் போகும் என்று முடிவானது. துறை போகும் இடத்துக்குக் கிளினிக்கும் போகும், அதுவும் இந்த மாதமே. குன்றைச் சுற்றிப் போக நல்ல பாதைகூடக் கிடையாது. வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எல்லாம் பிரசவத்துக்கு இந்தக் கரையில் இருக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அண்ணி போன் செய்தாள். உன் கருவி சரிதானா என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம். என் கருவி பொய் சொல்லாது, நீங்கள் ஊசி போடுவதில் நான் தலையிடுகிறேனா என்று கேட்டுவிட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான்.

நாலைந்து நாள் கழித்து அவளே நேரில் வந்து நின்றாள். மருந்து வாங்க இந்தக் கரைக்கு வந்தவள், அப்படியே என் அறை வாசலில். கையில் மருந்துப் பெட்டி, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை.

"எனக்கு ஒரு தடவை காட்டு. எங்க ஜனங்க கேட்டா, நான் என் கண்ணால பார்த்தேன்னு சொல்லணும்."

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு குழாய் எடுப்பது வழக்கம். ஒன்றை அளப்போம், இன்னொன்று குளிர்பெட்டியில் கிடக்கும். காட்டலாம், ஆனால் ஒரு நாள் கிடத்த வேண்டுமே என்றேன். தண்ணீர் வற்றுவதற்குள் படகு ஏற வேண்டும், இப்போதே காட்டினால்தான் உண்டு என்றாள். சரி, காட்டித் தொலைப்போம், இல்லாத ஒலியை எப்போது அளந்தால் என்ன என்று எரிச்சலோடு குழாயைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதன்மேல் பனித்திருந்த ஈரத்தைக்கூடச் சரியாகத் துடைக்கவில்லை. வில்லைகளை வைத்து அழுத்தினேன்.

திரையில் அலை எழுந்தது.

சின்ன அலை இல்லை. கொழுகொழுவென்று, கண்ணுக்கு நேராக. குழாய் மாறிவிட்டதோ என்று ஒட்டுச்சீட்டைப் பார்த்தேன், அதே இடத்துக் குழாய்தான். வில்லைகளை மாற்றி வைத்தேன். அலை அப்படியே இருந்தது. குழாயை எடுத்துவிட்டுப் பழைய குழாய் ஒன்றை வைத்தேன், நேர்க்கோடு. மறுபடி குளிர்ந்த குழாய், மறுபடி அலை.

"என்னடி ஆச்சு? உன் மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"அண்ணி, கொஞ்ச நேரம் என்கிட்ட பேசாதீங்க."

நான் குழாயை மேசைமேலேயே விட்டு, இடைவிடாமல் ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தேன். அறைச் சூடு குழாய்க்குள் ஏற ஏற அலை மெலிந்தது. முதலில் தலை குனிந்தது, பிறகு இளைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியின் நடுப்பகுதி மெல்லப் புடைத்து எழுந்தது.

வாயு கடலடியில் குமிழாக இல்லை. மட்கிய இலைதழைகள் சேர்ந்த அந்தச் சேற்றில், ஈரத்தோடு ஈரமாகக் கரைந்து பேசாமல் இருந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டில் கிடத்தியது நான். வெதுவெதுப்பில் திறந்து வைத்த சோடா மாதிரி அது குமிழ்விட்டிருக்கிறது. குமிழை நானே வளர்த்து, நானே அளந்து, குமிழ் இருக்கிறது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை எங்களுக்கு வந்ததெல்லாம் மணல் கலந்த சேறு, அதில் இந்த வம்பே வந்ததில்லை.

அண்ணி படகுக்குக் கிளம்ப வேண்டும். வாசலில் நின்று, ஏதாவது சொல்லு என்றாள். ஒரு குழாயை நம்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஊரையே நம்ப வைப்பாள். நாளைக்கு அது பொய்த்தால் என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது?

"இப்ப ஒண்ணும் கேக்காதீங்க அண்ணி. நான் அங்கயே வரேன்."

அவள் போனதும் நேரே இன்ஜினியரிடம் போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. இந்த ஒரு குழாயை வைத்து என்னால் தீர்ப்பை மாற்ற முடியாது, சேற்றை மேலே கொண்டுவராமல் அது கிடக்கும் இடத்திலேயே அளக்க முடியுமா, நானும் வந்து பார்க்கிறேன் என்றார். முடியும் என்றேன். அண்ணனிடம் போய், மூடியை நீ சரியாகத்தான் போட்டிருந்தாய், தப்பு என்னுடையது என்றேன். அவன் படகின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, இதை அன்றைக்கு மாதிரியே எல்லார் எதிரிலும் சத்தமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டான். சொன்னேன். அலுவலகமே கைதட்டியது, படுபாவிகள்.

மறுநாள் காலையில் தண்ணீர் ஏறியிருக்கும்போது மறுகரைக்கு எதிரே நங்கூரம் போட்டோம். இரும்புச் சட்டம் ஒன்று, அதிலிருந்து கீழ்நோக்கி நீளும் இரண்டு கம்பிகள். ஒரு கம்பி ஒலி அனுப்பும், மற்றது கேட்கும். சட்டத்தை இறக்கும்போது முதலில் தண்ணீரில் நிறுத்தி அளக்க வேண்டும், அப்புறம் அதே குளிரில் இருக்கும் சேற்றில் குத்தி அளக்க வேண்டும். ஒன்றோடொன்றை ஒப்பிட்டால் போதும். அறையும் வேண்டாம், ஓய்வும் வேண்டாம்.

முதலில் கிளினிக்குக்குச் சற்று வடக்கே, ஓடை ஒன்று வந்து கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே இறக்கினோம். துறையின் வடக்கு ஓரம் அங்கேதான் வரும், அங்கே முன்பு குழாய் எடுத்திருக்கவில்லை. தண்ணீரில் அலை நன்றாக வந்தது. சேற்றில் குத்தினோம். நேர்க்கோடு. இன்னும் கொஞ்சம் அழுத்தினோம். அப்போதும் நேர்க்கோடுதான். இங்கே வாயு நிஜமாகவே இருந்தது. இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் நங்கூரத்தைத் தூக்கினான்.

"ஓடை கொட்டுற இடத்துலதான் குப்பையெல்லாம் சேரும். கொஞ்சம் தெக்கால போய்ப் பாப்போம். கிளினிக் வாசல் அங்கயிருந்தும் தெரியும்."

தெற்கே போய் இறக்கினோம். தண்ணீரில் அலை. சேற்றில் குத்தியதும் ஒரு கணம் திரை நடுங்கி, அலை எழுந்து நின்றது. தண்ணீரைவிட ஒரு மயிரிழை மெதுவான வேகம். குமிழ் இல்லாத சுத்தமான களிச்சேறு. மேலும் அழுத்தினோம். ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே வேகம் சட்டென்று ஏறியது. மணல். தூண் ஊன்ற அடியில் மணல் படுக்கை காத்துக்கொண்டிருந்தது. விட்டேனா பார் என்று கிளினிக் வாசலுக்கு நேரே வரிசையாக இடம் மாற்றி மாற்றிக் குத்தினோம். எல்லா இடத்திலும் அலை வந்தது. கடைசி அளவையும் பார்த்துவிட்டு இன்ஜினியர் தொண்டையைச் செருமினார்.

"துறை இங்கயே வரும். கிளினிக்கை நகர்த்துற உத்தரவை இன்னைக்கே நிறுத்திடறேன்."

அதற்குள் தண்ணீர் வற்றிவிட்டது. கரைக்கும் படகுக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் சேறு பளபளத்தது. கரையில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள், பின்னால் ஊர்ப் பெண்கள். கத்திச் சொல்லலாம் என்றான் அண்ணன். நான் அதைக் காதில் வாங்கவில்லை, ஏற்கெனவே இறங்கியிருந்தேன். இத்தனை வருஷம் குழாயில் பார்த்த சேறு தொடை வரைக்கும் விழுங்கியது. ஒரு காலை எடுத்தால் மறு கால் புதைந்தது. பாதி தூரத்தில் சிக்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றுவிட்டேன். அண்ணிதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். பழகிய கால். என் இரண்டு கைகளையும் பிடித்தாள், ஆனால் இழுக்கவில்லை.

"நிக்குமா?"

"நிக்கும் அண்ணி. ஓடைக்குக் கொஞ்சம் தெக்கால. கிளினிக் எங்கயும் போகல. இன்ஜினியர் சாரே சொல்லிட்டார்."

அவள் என் கையை விடாமல் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் அழாதவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன். பிறகு அவள் கரைப்பக்கம் திரும்பி, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"யாரும் எங்கயும் போக வேணாம்டி. இங்கயே பெத்துக்கலாம்!"

கரையில் ஒரு பெண் எங்கள் படகில் அக்கரைக்குப் போவதற்காகக் காத்திருந்தாள். நிறைமாதம். அண்ணி சொன்னது கேட்டதும் இடுப்பில் வைத்திருந்த துணி மூட்டையை மெதுவாக இறக்கித் தரையில் வைத்தாள்.