சாலையின் மறுபாதி

சிலிபின் வட்டாரக் கடைவரிசையின் பின்சந்திலிருந்து அந்த வெள்ளை வேன் காலைதோறும் புறப்படும்போது, அதை ஓட்டுபவர் ஒருவர், சாலையைக் காண்பவர் இருவர் என்பதை அண்டை அயலார் எவரும் அறிந்திலர். ஓட்டுபவர் உணவகத்தின் உரிமையாளர் ஷரபுதீன். அவருக்கு இடப்பக்கத்தில் அமர்ந்திருப்பவள் மனைவி ஃபரீதா. இனிப்புநீர் எனும் நீரிழிவு நோய் ஷரபுதீனின் இடக்கண்ணை முற்றாக அவித்துச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று தொட்டு, சாலைச் சந்திப்பு வந்தால் ஃபரீதா இடப்புறம் நோக்கி, "கிளியர்" என்பாள். வலப்புறம் நோக்கிய ஷரபுதீன் "ம்" என்பார். வேன் நகரும். மவ்லிது ஓதும் சபையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றொருவர் முடித்து வைப்பதுபோல, அந்தச் சொல்லும் அந்த ஒலியும் ஒன்றையொன்று பிரியாமல் வந்தன.

இவ்வாறே அவர்கள் கோலா கங்சார் சாலையில், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றை அழித்தெழுந்த தொழிற்சாலையின் உணவுக்கூடத்திற்கு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலங்களையும் கறிச் சட்டிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்து வந்தார்கள்.

ஒரு நாள், தோட்டத்துச் செம்மண் வழி பெருஞ்சாலையைத் தொடும் இடத்தில் ஃபரீதாவுக்கு இருமல் வந்தது. சொல் வரவில்லை. அவ்வளவுதான். இடப்புறமிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வேனின் கண்ணாடியில் உரசிப் புல்வெளியில் சரிந்தது. அதை ஓட்டி வந்தவர் எழுந்து உடம்பைத் தட்டிப் பார்த்தார்; காயம் இல்லை என்று கண்டபின், ஷரபுதீனின் முன்னோர் அனைவரையும் வரிசையாக அழைத்து ஏசிவிட்டுப் போனார். உடைந்த கண்ணாடியைக் கையில் ஏந்தியபடி, மோட்டார்க்காரன்தான் பார்த்து வந்திருக்க வேண்டும் என்றார் ஷரபுதீன். ஃபரீதா தொண்டையிலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் மருத்துவர் வலக்கண்ணையும் சோதித்தார். அதிலும் நோய் தொடங்கிவிட்டதென்றும், இனி வாகனம் ஓட்டலாகாதென்றும் சொன்னார்.

"அப்ப யாரு ஓட்டுறது?" என்று வீடு திரும்பும் வழியில் ஷரபுதீன் கேட்டார். அப்போதும் அவரே ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நான்."

அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார். "லைசென்ஸ் எடு. எடுத்த அன்னிக்கே சாவி ஒன் கையில. அது வரைக்கும் நாந்தான் ஓட்டுவேன். நீ வழக்கம்போல சொல்லிக்கிட்டு வா."

ஆக, தான் தேர்வில் தேறும் நாள் வரையில், சாலையில் செல்லும் முகமறியா மனிதர்களின் உயிர் தன் நாவின் நுனியில் நிற்கும் என்பது ஃபரீதாவுக்குத் தெளிவாயிற்று. மறுநாளே ஓட்டுநர் பள்ளியில் பெயர் பதிந்தாள்.

பயிற்சி தர வந்தவள் ட்ரேசி. ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவில் பாடுபவள், கலகலப்பான இளம்பெண். கியர் மாற்ற வேண்டாத ஆட்டோ காரில் எடுத்தால் லேசாக முடிந்துவிடும் என்று அவள் ஆசை காட்டினாள். தன் வேனில் கியர் இருக்கிறதே என்றாள் ஃபரீதா. அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை. மேட்டில் வண்டியை நிறுத்திப் பின்னே உருளாமல் எடுக்கும் பாடத்தில் இளைஞர்களே வியர்த்துப்போனார்கள். பால் பொங்கும் தறுவாயை ஓசையால் அறிந்து பழகியவளுக்கு, கிளட்ச் பிடிக்கும் தறுவாயைக் காலால் அறிவது கடினமாக இல்லை.

தேர்வு நாளில் மேடும் பார்க்கிங்கும் குறையின்றி முடிந்தன. எஞ்சியது சாலை. அதிகாரி இடப்பக்கம் அமர்ந்தார். முதல் சந்திப்பில் ஃபரீதா இடப்புறம் நன்றாக நோக்கினாள். "கிளியர்" என்று வாய்விட்டுச் சொன்னாள். பின்பு, வலப்புறம் யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற அசையாத நம்பிக்கையோடு வண்டியை எடுத்தாள். அதிகாரி தம் காலடியில் இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தார். வலப்புறமிருந்து வந்த லாரி, ஒலிப்பானை அலறவிட்டுக் காற்றை வாரியிறைத்துக்கொண்டு கடந்தது.

தோல்வித் தாளோடு வந்தவளிடமிருந்து ட்ரேசி அதை வாங்கிப் படித்தாள். பாடம் நடத்தும்போதெல்லாம் சந்திப்புகளில் தானே "ம், போங்க அக்கா" என்று சொல்லி வந்தது அவள் நினைவுக்கு வந்தது. அந்த ஒலிக்குள் குறை இத்தனை நாளும் ஒளிந்துகிடந்திருக்கிறது.

"அக்கா, நீங்க லெஃப்ட்ட மட்டும்தான் பாக்குறீங்க. ரைட்டப் பாக்க ஒரு ஆளு இருக்காருன்னு நெனைக்கிறீங்க. அந்த ஆளோட சீட்டுலதான் இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க."

மறுநாள் காலை ஷரபுதீன் வேனில் ஏறிக் காத்திருந்தார். ஃபரீதா சட்டிகளை ஏற்றிவிட்டுப் பின்வாசலிலேயே நின்றாள்.

"ஏறு, நேரமாச்சு."

"நான் வரலங்க. இந்த வேன் என் வாயால ஓடுது. இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன்."

தனியே போகத் தெரியாதா என்று முனகியவாறு அவர் வண்டியை எடுத்தார். சந்தின் முனைவரை சென்றது வேன். அங்கே நின்றது. ஷரபுதீன் கழுத்தை முழுவதும் திருப்பி இடப்புறம் பார்த்தார். வலப்புறம் பார்த்தார். அதற்குள் இடப்புறம் என்ன வந்ததோ என்று மறுபடியும் திருப்பினார். பின்னால் நின்ற காரிலிருந்து ஒலி எழுந்தது. வேன் அசையவில்லை. சற்று நேரத்தில் எஞ்சின் ஓசை அடங்கியது. அவர் இறங்கி, பின்னாலிருந்தவரிடம் கையால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி, நடந்து வந்து சாவியைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கடையின் கனகராஜ் வேனை ஓட்டிக்கொடுக்க இசைந்தான். ஆனால் மாதம் முடிந்தால் அவனுக்குப் பினாங்கில் வேலை. "அவன் போற வரைக்கும்தான்," என்றார் ஷரபுதீன். "அப்புறம் சாவிய நான் எடுப்பேன். வியாபாரத்த மூட முடியாது." அவர் எடுப்பார் என்பதில் ஃபரீதாவுக்கு ஐயமில்லை. அடுத்த தேர்வு மாத இறுதியில்தான் கிடைத்தது.

அந்த நாள்களை அவள் தவம்போல் கழித்தாள். கனகராஜின் அருகே அமர்ந்து செல்கையில் தன் பழைய பாதியைத் துறந்து, கழுத்து நோக வலப்புறமே பார்த்து வந்தாள். சமையலறை வாசலைக் கடக்கும்போதும் முதலில் வலப்புறம் திரும்பினாள். உணவகத்தில் தேநீர் அருந்துவோர் அதைக் கவனித்துவிட்டனர். யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒருவர் கேட்க, கடன் சொல்லிப்போனவரைத்தான் என்று மற்றொருவர் விடை சொன்னார். அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், திரும்புவதை விடவில்லை. ட்ரேசியும் தன் உதடுகளை இறுக மூடிக்கொள்ளப் பழகினாள். சந்திப்புகளில் அந்த மௌனம் முதலில் ஃபரீதாவுக்குக் கிணற்றைப்போல் இருந்தது. பின்னர் அதற்குள் நிற்கக் கற்றாள்.

இரண்டாம் தேர்வில் அதே அதிகாரி, அதே சந்திப்பு. ஃபரீதா வலப்புறம் நோக்கினாள், இடப்புறம் நோக்கினாள், மீண்டும் வலப்புறம் நோக்கினாள். சாலை வெறிச்சோடி இருந்தது. "ம்" என்றாள் தனக்குத்தானே. அதிகாரி நிமிர்ந்து பார்த்து என்னவென்று மலாயில் கேட்டார். ஒன்றுமில்லை ஐயா என்றாள்; வண்டியை எடுத்தாள். இறங்கும்போது அவர் தாளில் ஒப்பமிட்டு, வாழ்த்துச் சொல்லி நீட்டினார்.

கனகராஜ் பினாங்குக்குப் புறப்பட்ட மறுநாள், கையில் உரிமம் இருந்தது. வேனின் கண்ணாடியில் புது ஓட்டுநருக்குரிய 'பி' ஒட்டியிருந்தது. சொன்ன சொல் தவறாமல் ஷரபுதீன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துத் தந்தார். பின்பு வேனைச் சுற்றிப் போய், இத்தனை ஆண்டுகள் தாம் அமர்ந்தறியாத இடப்பக்க இருக்கையில் அமர்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். ஃபரீதா பிஸ்மி சொல்லி எஞ்சினை இயக்கினாள்.

சந்தின் முனை. கிழக்கில் சுண்ணாம்புக் குன்றுகளின் விளிம்பு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஃபரீதா இடப்புறம் நோக்கினாள். பழக்கத்தால், "கிளியர்" என்றாள்.

"ம்" என்றார் வலப்புறம் நோக்கிய ஷரபுதீன்.

அவள் கால் கிளட்சிலிருந்து எழவில்லை. வலப்புறம் திரும்பினாள். மங்கிய விளக்கோடு ஒரு மோட்டார் சைக்கிள், பின்னிருக்கையில் காய்கறிக் கூடையோடு வந்துகொண்டிருந்தது.

"ஏன் நிக்கிறே? அதான் சொன்னேனே."

மோட்டார் சைக்கிள் அவர்கள் முன்னே கடந்து சென்றது. அதன் ஓசை தேயும்வரை அந்தத் திசையிலேயே முகத்தை வைத்திருந்தார் ஷரபுதீன். பிறகு மெல்ல இருக்கைப் பட்டையை இழுத்து மாட்டினார்.

"இனி நான் 'ம்' சொல்லல," என்றார்.

"சொல்லுங்க. எனக்குக் கேக்கப் புடிக்கும். ஆனா நான் பாத்துட்டுத்தான் போவேன்."

அவள் மறுபடியும் இருபுறமும் பார்த்தாள். பக்கத்திலிருந்து, தயங்கி, மிகவும் தாழ்ந்த குரலில் அந்த ஒலி வந்தது. கடைசியாக ஒருமுறை வலப்புறம் பார்த்துவிட்டு, ஃபரீதா வேனைக் கோலா கங்சார் சாலையை நோக்கித் திருப்பினாள்.