வற்றாத வளையம்

ஹெந்தா மண்ணில் அடித்து வைத்த வளையத்தில் தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. சாப்பிடப் போனபோது எப்படி இருந்ததோ அப்படியே ததும்பி நின்றது.

"மண்ணை அளக்கச் சொன்னா சிமெண்டுத் தரையை அளந்திருக்கே!" என்று கூட வேலை பார்க்கும் மொஞ்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஹெந்தா குனிந்து வளையத்தைத் தட்டிப் பார்த்தாள். இரும்பு வளையங்களை மண்ணில் அடித்து, நீர் ஊற்றி, அது இறங்கும் வேகத்தைக் குறிப்பது அவள் முறை. தெற்குத் துனீசியாவின் மலைச்சரிவெல்லாம் வருஷக்கணக்காக அப்படித்தான் அளந்திருந்தாள். மொஞ்சிக்கு அது கொல்லன் வேலை. அவனுடையது மூடி இறுக்கிய குழாய். துளையுள்ள அடித்தட்டு வழியாக மண் தனக்கு வேண்டிய நீரை அதிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். இன்று இரண்டையும் மப்ரூகாவின் ஒலிவ வயலில் அருகருகே வைத்திருந்தார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வளையத்தின் பழைய அளவுகள் அத்தனையும் குப்பைக்குத்தான் என்று அலுவலகத் தலைவர் சொல்லியிருந்தார்.

அப்போது மப்ரூகா குடத்தோடு வந்தாள். நேராக வளையத்தில் ஊற்றினாள்.

"ஐயோ அக்கா, என்ன பண்றீங்க?" என்று ஹெந்தா பதறினாள்.

"நீங்க கூஸ்கூஸ் சாப்பிட்டப்பவும் வந்து வந்து ஊத்திட்டுத்தான் இருந்தேன். விருந்தாளி பாத்திரம் காலியா கிடந்தா என் வீட்டுக்கு மானக்கேடு இல்லையா?"

ஹெந்தா அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். மொஞ்சிக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"தம்பி, உன்னை மட்டும் விட்டுடுவேனா? மூடியைத் திறந்து உன் குழாய்லயும் ஊத்தினேன். அதுக்கு என்ன பேய்த்தாகமோ, ஊத்த ஊத்தக் கீழ போயிடுச்சு!"

மூடி திறந்து காற்றுப் புகுந்தால் குழாயின் கணக்கே போச்சு. மொஞ்சியின் முகம் செத்துப்போயிற்று. இப்போது சிரிப்பது ஹெந்தாவின் முறை.

மறுநாள் வேறு இடம் பார்த்து மறுபடி வைத்தார்கள். "சாப்பிட வாங்க" என்று மப்ரூகா எவ்வளவு கூப்பிட்டும் இருவரும் அசையவில்லை. கடைசியில் அவளே தட்டும் குடமுமாக வயலுக்கு வந்தாள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கண்ணை அவள் குடத்தின் மேலேயே வைத்திருந்தார்கள்.

சாயங்காலம் மொஞ்சி இரண்டு கணக்கையும் போட்டான். திரும்பவும் போட்டான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன.

"உன் பழைய அளவெல்லாம் சரிதான் போல," என்றான், வேப்பங்காயைக் கடித்தவன் மாதிரி.

ஹெந்தாவுக்குக் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

"இரு, தலைவருக்குப் போன் போடறேன். இதையே இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் சத்தமா."