இறக்கு என்றால் இறுக்கு

காலையிலிருந்து பதினேழாவது முறையாகப் பாரந்தூக்கி சொல்லைத் தவறாகவே கேட்டது. இறக்கு என்றால் இறுக்கியது. இரும்புத் தகடு அந்தரத்திலேயே தொங்க, அதைப் பற்றியிருந்த கவ்வி இன்னொரு சுற்று நெரித்தது.

பேச்சை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் பொறியாளர் அவள். தகட்டை இரு கைகளாலும் தாங்கிப் பிடிப்பவர் அவளுடைய அக்காவின் கணவர். பொத்தானை அழுத்த ஒரு கையை எடுத்த நொடியில்தான் போன வருடம் தகடு சுழன்று அவருடைய இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. நான்கு மணிக்கு மேலாளர் வருவார். அப்போதும் தவறினால், சொல்லைக் கேட்டுப் பாரந்தூக்கியை இயக்க அவள் பொருத்திய குரல்பெட்டியைக் கழற்றிவிட்டுப் பழைய பொத்தானையே மாட்டிவிடுவார்கள்.

"உங்க அக்காவேதான் இது. ஒண்ணு சொன்னா ஒண்ணு செய்யும்," என்று அவர் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க, மாமா."

அவள் செய்யாததென்ன? குரலை நொடியில் நூறில் ஒரு பங்குத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்தச் சுருதிக்கு எவ்வளவு வலு என்று எண்களாக்கினாள். இரைச்சலைக் கழித்தாள், அதோடு சொல்லில் பாதியும் போயிற்று. மாமாவின் குரலை அமைதியான அறையில் பதிந்து, அதன்மேல் பட்டறை இரைச்சலைக் கலந்தும் பெட்டியைப் பழக்கினாள். அறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. இங்கே பட்டறையில் பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு.

எரிச்சலில் அந்தப் பதிவை அவர் காதிலேயே மாட்டினாள். "கேளுங்க. இது நீங்கதானே?"

அவர் முகம் சுளித்தார். "யாரும்மா இவன்? லீவு கேக்க வந்தவன் மாதிரி 'இறக்கு'ன்னு குழையுறான். நான் 'எறக்கூ'ன்னுல்ல கத்துவேன்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. காதில் இரைச்சல் விழுந்தாலே சுருதி ஏறும், உயிரொலி நீளும். இரைச்சலைப் பதிவில் கலந்தவள், பேசுபவரின் காதில் கலக்க மறந்துவிட்டாள்.

அவரை அறைக்குள் இழுத்துச் சென்று, ஹெட்ஃபோனில் பட்டறையை முழக்கி, "இப்ப சொல்லுங்க," என்று சைகை காட்டினாள். அவர் கத்திய கத்தலில் அடுத்த அறைத் தட்டச்சர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கத்தலை வைத்தே பெட்டியை மறுபடி பழக்கினாள். நான்கு மணி. "எறக்கூ." தகடு பூப்போல இறங்கியது.

"இதுமேல நம்பிக்கை இருக்கா?" என்று கத்தினார் மேலாளர்.

"இருக்கு," என்று மாமாவும் கத்தினார். கவ்வி ஒரு சுற்று நெரித்தது.

மேலாளர் கவ்வியையே வெறித்தார். "இறுகினா ஆபத்தில்ல. பெட்டியைக் கழட்ட வேண்டாம். ஆனா உனக்கு இன்னும் வேலை இருக்கு."

கவ்வி மீண்டும் நெரித்தது.

அவள் பெருமூச்சுடன் மடிக்கணினியைத் திறந்தாள். 'இருக்கு' என்று சொல்லாமல் இந்த மொழியில் எவர்தான் அரைநாள் வேலை பார்த்திருக்கிறார்?