மெத்தோடிக்குத் தெரியாது

எங்கள் ஊர்த் தொலைக்காட்சியில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ‘யாருக்குத் தெரியும்?’ என்று ஒரு வினாடி வினா வரும். என் பெயர் யாவோர்; பதினோரு வருஷமாக அதற்கு நான்தான் கேமரா. டான்யூப் கரையில், எதிரே ருமேனியா தெரிகிற பல்கேரியச் சிற்றூர் எங்களுடையது. வாசகசாலை மண்டபத்தில் இருநூறு நாற்காலி போட்டு நேரடியாக ஒளிபரப்புவோம். அக்டோபர் பிறந்துவிட்டால் ஆற்றிலிருந்து பனி எழுந்து, தெருவெல்லாம் நடந்து, மண்டபத்துப் படிவரைக்கும் வந்து நிற்கும். ஆட்கள் அதற்குள்ளிருந்து ஒவ்வொருவராகப் பிறந்து வருவது போல வருவார்கள்.

கேள்விகளை எழுதியவர் ராதோஸ்வேதா. பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகள் குறைந்து உயர்நிலைப் பள்ளியை மூடிய பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தார். ஐம்பத்தைந்து வயது, தனியாள். ஊரில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். நிகழ்ச்சியில் நடுவர் மேஜையில் உட்கார்ந்திருப்பார். யாராவது தப்பான பதில் சொன்னால் அவருடைய உதட்டோரம் லேசாக அசையும். சிரிப்பு என்றும் சொல்ல முடியாது. நான் அதைத் தவறாமல் நெருக்கத்தில் பிடித்துக் காட்டுவேன். பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை போட்டியாளர் ஒருவர் வரவில்லை. நிகழ்ச்சியை நடத்தும் கலோயான் சட்டென்று கூட்டத்திலிருந்து ஓர் ஆளைக் கைபிடித்து மேடைக்குக் கூட்டி வந்துவிட்டான். அவர்தான் மெத்தோடி. ஆற்றில் மணல் அள்ளும் படகில் வேலை செய்பவர். ஐம்பது தாண்டிய ஆள், அகலமான தோள், வெயிலில் வெந்த கழுத்து. மைத்துனியோடு சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்.

கேள்வி இதுதான்: எல்லா ஆறும் நல்ல தண்ணீரைத்தான் கடலில் கொண்டு போய்க் கொட்டுகிறது, பிறகு கடல் மட்டும் ஏன் உப்பாக இருக்கிறது?

மெத்தோடி கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “தெரியாதுங்க. இருபத்தெட்டு வருஷமா இந்த ஆத்துல மணல் அள்ளுறேன். ஒரு நாள்கூட ஆறு என்கிட்ட இதைக் கேட்டதில்ல.”

மண்டபம் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் சிரித்தேன், கேமரா ஆடியது. டீச்சரின் உதட்டோர அசைவை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க அலுவலகத்துக்குத் தொலைபேசி. மணல்காரர் அடுத்த வாரமும் வருவாரா என்று கேட்டார்கள். வந்தார். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் ‘தெரியாது’ என்பதைப் புதிதாக ஒரு விதத்தில் சொன்னார். நிலவுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டபோது, அங்கே மணல் இறக்கக் கூப்பிட்டால் விசாரித்துக்கொள்வதாகச் சொன்னார். ஊரே அவர் மேல் பைத்தியமாக இருந்தது.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தால், ஊர் மொத்தமும் கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு இதமாகத் தூங்கிய மாதிரி இருக்கிறது. ரொட்டிக் கடைக்காரி ஒரு பாலாடைக்கட்டிப் பணியாரத்துக்குத் ‘தெரியாது’ என்று பெயர் வைத்து விற்றாள். மருந்துக்கடைப் பெண் போட்டிக்கு வந்தாள். பதில் அவளுக்குத் தெரியும் என்பது கேமரா வழியாகவே எனக்குத் தெரிந்தது. அவள் தப்பாகச் சொல்லிவிட்டு, கைதட்டலில் முகம் மலர்ந்து போனாள். நகரத் தலைவர் புத்தாண்டுப் பேச்சில், தான் ஒரு புத்தகத்தையும் கடைசிவரை படித்ததில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பனியில் நின்றுகொண்டு எல்லோரும் ஆரவாரம் செய்தோம். யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை. எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

டீச்சர் மட்டும் வாராவாரம் இருபது கேள்வி எழுதிக் கொண்டுவந்தார். கலோயான் அவற்றில் கடினமானதாகப் பார்த்து மெத்தோடிக்கென்று எடுத்து வைப்பான். கடினமாக இருந்தால்தான் சிரிப்பு நன்றாக வரும் என்பான்.

பிப்ரவரியில் ஒரு நாள் நிகழ்ச்சி முடிந்து நான் கேமராக் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் கேள்வி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். போயிருப்பார் என்று நினைத்த மெத்தோடி, தொப்பியைக் கையில் பிடித்தபடி மேஜைப் பக்கம் வந்தார்.

“டீச்சர், அந்த உப்பு விஷயம். பதில் என்னங்க?”

முதல் நாள் கேட்ட கேள்வி அது. நான்கு மாதம் ஆகியிருந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்க்காமலேயே, பழைய அட்டைகள் டப்பாவில் இருக்கின்றன, தேடிப் படித்துக்கொள்ளலாம் என்றார். மெத்தோடி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உண்மையிலேயே தேடினார். கண்டுபிடித்து, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். மழை பாறையைக் கரைக்கிறது, ஆறு அந்த உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போகிறது, கடலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போக உப்பு தங்கிவிடுகிறது.

“அப்ப நம்ம ஆத்துலயும் உப்பு இருக்கா?”

“இருக்கு. நாக்குக்குத் தெரியாத அளவு.”

“இத்தனை வருஷமா உப்புலயா நின்னுக்கிட்டு இருந்தேன்?” என்றார். அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்த்துத்தான் டீச்சர் அட்டைகளைக் கீழே வைத்தார். தெரிந்துகொள்ள இவ்வளவு ஆசை இருக்கிறவர் பிறகு ஏன் மேடையில் அப்படிக் கோமாளித்தனம் செய்கிறார் என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கடுமை இருந்தது.

மெத்தோடி நிதானமாகவே பதில் சொன்னார். “ஆறாங் கிளாசுல ஒரு வாத்தியார் என்னை எழுப்பி நிக்க வச்சுக் கேள்வி கேட்டாரு. தெரியாதுன்னேன். கிளாசே சிரிச்சுது, அவரும் சிரிச்சாரு. அப்புறம் நான் எங்கயும் வாயத் திறக்கல. இப்ப அதே பதில்தான் சொல்றேன் டீச்சர். கைதட்டுறாங்க. நீங்களே சொல்லுங்க, எனக்கு எப்படி இருக்கும்?”

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கம்பியைச் சுருட்டுவதை நிறுத்தியிருந்தேன். அந்த உதட்டோர அசைவைப் பதினோரு வருஷமாக ஊருக்கே பெரிதாக்கிக் காட்டியவன் நான்.

அதன் பிறகு வியாழக்கிழமை மத்தியானங்களில் படகு வேலை முடிந்ததும் மெத்தோடி மண்டபத்துப் பக்கத்து அறைக்கு வர ஆரம்பித்தார். கலோயானுக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். லிண்டன் மரத்துப் பூவில் தேநீர் போட்டு வைத்துக்கொண்டு, மேஜை மேல் வரைபடத்தை விரித்து, மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். சன்னலுக்கு வெளியே ஆறு இருக்காது, வெள்ளையாகப் பனிதான் இருக்கும். அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு சரக்குப் படகு நீளமாகக் கூவிக்கொண்டு போகும். மெத்தோடி கேட்டுக்கொண்டே இருப்பார். பனி ஏன் முதலில் ஆற்றின் மேலேயே படுக்கிறது? ஆறு ஏன் நேராகப் போகாமல் வளைகிறது? அவருக்குத் தெரிந்தவை எங்களுக்குத் தெரியவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் எந்த இடத்தில் எந்த நேரத்தில் எப்படித் திரும்பும் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஒரு நாள், ஒரு வளைவில் மட்டும் மணலோடு நீலக் களிமண்ணும் அதற்குள் சிப்பிகளும் வருவதாகச் சொல்லி, இரண்டு சிப்பிகளை மேஜையில் வைத்து, ஏன் என்று கேட்டார்.

டீச்சர் யோசித்தார். “தெரியாது” என்றார். “பாத்துட்டுச் சொல்றேன்.”

மறுநாளே பேருந்து பிடித்துப் பெரிய நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போய், அந்தச் சிப்பிகளைக் காட்டி விசாரித்து வந்தார். சனிக்கிழமைகளில் ‘தெரியாது’ என்ற வார்த்தை வந்ததும் பேச்சு முடிந்துவிடும். வியாழக்கிழமைகளில் அங்கேதான் ஆரம்பிக்கும்.

மார்ச்சில் ஒரு நாள் டீச்சர் ஆற்றின் பிறப்பிடத்தைப் பற்றிச் சொன்னார். ஜெர்மனியில் கருங்காட்டுப் பக்கம் இரண்டு ஓடைகள் சேர்ந்து டான்யூப் ஆகின்றன. கொஞ்ச தூரம் போனதும் சுண்ணாம்புப் பாறை வருகிறது. அங்கே ஆற்றின் தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கிக் காணாமல் போய்விடுகிறது. கோடையில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் இறங்கிவிடும், கீழே வேறு ஓடைகள் சேர்ந்துதான் ஆறு மறுபடி ஓடும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த இடத்தில் பச்சைச் சாயத்தைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டரை நாள் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊற்று பச்சையாகப் பொங்கியது. அந்தத் தண்ணீர் ரைன் ஆற்றுக்குப் போய், வட கடலில் சேர்கிறது.

மெத்தோடியின் தேநீர் ஆறிப்போனது. “அப்ப நம்ம ஆத்துல ஒரு பங்கு நம்மகிட்ட வர்றதே இல்லையா?” என்றார். வீட்டுக்குப் போகும்போது படியில் நின்று, அந்த இரண்டரை நாளும் இருட்டுக்குள் தண்ணீர் எப்படி வழி கண்டுபிடித்துப் போயிருக்கும் என்று எங்களைக் கேட்காமல் பனியைக் கேட்டார்.

ஏப்ரலில் இறுதிச் சுற்று. அதற்குள் ஒரு கட்சிக்காரர்கள் மெத்தோடியை நகரசபைத் தேர்தலுக்கு நிற்கச் சொல்லியிருந்தார்கள். எதுவும் தெரியாதவன் எதையும் திருடமாட்டான் என்று சுவரொட்டிகூட அடித்துவிட்டார்கள். மண்டபம் நிரம்பி, வராந்தாவிலும் ஆட்கள் நின்றார்கள். கலோயான் டீச்சரின் அட்டைகளிலிருந்து ஒன்றை எடுத்து, பதில் எழுதியிருக்கும் பின்பக்கத்தைப் பார்க்காமலேயே படித்தான். குழந்தைக்குக்கூடத் தெரிந்த கேள்வி, இதற்கும் தெரியாது என்றால் சிரிப்பு இன்னும் நன்றாக வரும் என்று நினைத்திருப்பான். டான்யூப் எந்தக் கடலுக்குப் போகிறது?

கூட்டம் அப்போதே சிரிக்கத் தயாராக இருந்தது. மெத்தோடி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு கடலுக்கு” என்றார். “கருங்கடலுக்கு ஒரு பங்கு. வட கடலுக்கு ஒரு பங்கு. அது பொறக்குற எடத்துல பூமிக்குள்ள எறங்கிப் போயிருதுங்க. பச்சைச் சாயம் போட்டுப் பாத்தாங்க. மலைக்கு அந்தாண்ட பச்சையா வந்துச்சு.”

அதுவரை அவர் சொன்ன எதற்கும் கூட்டம் அப்படிச் சிரித்ததில்லை. முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் மேல் சாய்ந்தாள். மெத்தோடி சிரிப்பு அடங்கக் காத்திருந்தார். “வேடிக்கைக்குச் சொல்லலீங்க” என்றார். அது இன்னும் பெரிய வேடிக்கையாகிவிட்டது.

கலோயான் அட்டையைத் திருப்பினான். நான் அவனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். படித்தான். ஒரு கணம் அவன் முகம் வெறுமையாக இருந்தது. பிறகு அட்டையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, “தவறு!” என்று கத்தினான். மண்டபம் எழுந்து நின்றது. டீச்சர் தன் ஒலிவாங்கியில் பதில் சரி என்று இரண்டு முறை சொன்னார். அந்த இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தைக் காட்டச் சொல்லிக் கலோயான் எனக்குச் சைகை செய்தான். நான் மெத்தோடியிடமிருந்து கேமராவை நகர்த்தவில்லை. அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். எதிர்க்கரையில் நிற்கும் யாரையோ கூப்பிட்டுப் பார்த்து, குரல் எட்டாது என்று தெரிந்துகொண்ட மனிதனைப் போல அவர் நின்றார். பிறகு ஒலிவாங்கியை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த அட்டையைப் பற்றி நான் கலோயானிடம் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. “யாவோர், இருநூறு பேரு சந்தோஷமா இருந்தாங்கடா. அதை எதுக்குக் கெடுக்கணும்?” என்றான். கெட்டவன் இல்லை அவன்.

மெத்தோடி தேர்தலுக்கு நிற்கவில்லை, நிகழ்ச்சிக்கும் வரவில்லை. டீச்சர் வேலையை விட்டுவிட்டார். அந்தக் கேள்வியை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டபோது, மெத்தோடி அதைச் சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது, அந்த ஆசையில் மண்டபத்தை மறந்துவிட்டேன் என்றார். அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். நான் வேலையை விடவில்லை, எனக்கு இரண்டு பிள்ளைகள், இந்த ஊரில் வேறு வேலையும் கிடையாது.

ஆகஸ்டில் நாங்கள் மூன்று பேரும் ஜெர்மனிக்குப் பேருந்து ஏறினோம். மெத்தோடியின் மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஒன்றரை நாள் பயணம். அவள் தன் விடுமுறை நாளில் எங்களைக் காரில் ஆறு காணாமல் போகும் அந்த இடத்துக்குக் கூட்டிப் போய் இறக்கிவிட்டாள்.

ஆறு இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள், கரை, ஒரு பாலம் எல்லாம் அப்படியே இருந்தன. நடுவில் வெள்ளைக் கற்கள் மட்டும் வெயிலில் கிடந்தன. மெத்தோடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு டான்யூபின் நடுவில் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கற்களுக்கு இடையே புல் முளைத்திருந்தது. பேசினால் குரல் நம்முடையது மாதிரி இல்லை.

நாயோடு வந்த ஒரு பெண் கரையிலிருந்து ஏதோ கேட்டாள். டீச்சர் எப்போதோ படித்த ஜெர்மனில் பதில் சொன்னார். அந்தப் பெண் பத்து வருஷமாக அங்கேதான் இருக்கிறாளாம், தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாதாம். மெத்தோடி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். மெத்தோடி தொடக்கத்திலிருந்து சொன்னார், டீச்சர் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தார். அந்தப் பெண் ஒரு கல்லில் உட்கார்ந்து கேட்டாள். பச்சைச் சாயம் வந்தபோது, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அவள் போன பிறகு நாங்கள் மேல்பக்கம் நடந்து, தண்ணீர் கடைசியாக இருக்கும் இடத்துக்குப் போனோம். கரை ஓரமாக ஒரு குட்டை. பார்த்தால் அசைவே இல்லை. கிட்டே போனால் பாறை இடுக்கில் யாரோ மெல்ல உறிஞ்சுவது போல ஒரு சத்தம். மெத்தோடி மண்டியிட்டு, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டார். வெகு நேரம் அப்படியே இருந்தார்.

“இழுக்குது டீச்சர்” என்றார். “வந்து கை வச்சுப் பாருங்க. இழுக்குது.”

டீச்சர் காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினார்.