ஃபெயில் சார் கொடுத்த டெஸ்ட்

ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தும் கட்டடம் நான்கு மாடி. வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். அன்று மத்தியானம் அவளுக்கு எதிரே இருந்த திரையில் ஒரு வெள்ளைக் கார் மூன்றாம் மாடியைச் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. முதல் மூன்று சுற்றுக்கு, யாரோ இடம் தேடுகிறார்கள் என்று நினைத்தாள். ஆனால் அந்த மாடியில் முக்கால்வாசி காலி. ஒன்பதாவது சுற்றில் கூண்டைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு மேலே ஏறினாள்.

கையைக் காட்டி நிறுத்தினாள். கார்க் கண்ணாடி இறங்கியது. உள்ளே ஃபெயில் சார்.

லைசென்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் டெஸ்ட் வைத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரே தடவையில் தேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டோக்கன் அக்காவை இரண்டு தடவை அழவைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் தடவை அவர் லீவு. தேறிவிட்டாள்.

"வெளிய போற வழியை மாத்திட்டீங்களா?" என்று அதட்டினார்.

வழி அவர் மூக்குக்கு நேரே இருந்தது, பச்சை அம்புக்குறியோடு. "ஆமா சார், இப்பதான் மாத்தினாங்க," என்றாள். பொய் சொல்ல அவளுக்கு அப்படியொன்றும் கூச்சம் கிடையாது.

"அதானே பார்த்தேன்," என்றார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

அவருடைய போனை வாங்கி மகளை அழைத்தாள். கால்மணி நேரத்தில் மகள் வந்து நின்றாள், கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சாவியைக் குடுங்கப்பா." ஆறு மாதமாக வீட்டில் இதே பாட்டு என்பது அவள் சொன்ன விதத்திலேயே தெரிந்தது.

"சும்மா கேட்டா எப்படித் தர்றது? டெஸ்ட் வச்சு ஃபெயில் பண்ணு, தரேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா."

அவர் டோக்கன் அக்காவைப் பார்த்தார். "யூனிஃபார்ம் போட்டிருக்கியே, நீ ஏறும்மா. நான் சொல்றதை எழுதினாப் போதும்."

மகள் பின்னால் ஏறினாள். டோக்கன் அக்கா முன்னால் உட்கார்ந்து, மடியில் ஒரு காகிதத்தை விரித்து, ஒரு கையில் பேனாவும் மறு கை ஹேண்ட் பிரேக்கிலுமாக இருந்தாள்.

"பெல்ட் போட்டாச்சு, சரி. கண்ணாடியைப் பார்க்காம எடுத்தாச்சு, தப்பு. எழுதினியா? திரும்பறப்ப கோட்டைத் தாண்டியாச்சு. தப்பு."

தப்பு செய்பவரும் அவரே, கண்டுபிடிப்பவரும் அவரே. முப்பது வருஷம் ஒருத்தருக்கும் தயவுதாட்சண்யம் காட்டாத மனுஷன், தன் முறை வந்தபோதும் காட்டவில்லை. மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அம்புக்குறிக்குக் கீழே வந்ததும் வண்டி நின்றது. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம் பார்த்தார்.

"ஓட்டறவருக்கு வழி தெரியல. எழுது."

"அம்பு சின்னதா இருக்கு சார்," என்றாள் டோக்கன் அக்கா. அவரை மனசுக்குள் எத்தனையோ நாள் வைதிருக்கிறாள். ஆனாலும் பேனா ஓடவில்லை.

"அம்பு சரியாத்தான் இருக்கு. எழுதும்மா."

எழுதினாள். அவர் காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்தார். எஞ்சினை அணைத்தார். சாவியை மகளிடம் கொடுக்காமல் டோக்கன் அக்காவிடம் நீட்டினார்.

"மறுபடி எப்ப வரலாம்?"

தோற்ற ஒவ்வொருவரும் அவரிடம் கேட்ட கேள்வி அது. அவளும் கேட்டிருக்கிறாள். "ஒரு வாரம் கழிச்சு வாங்க சார்," என்றாள். சாவியைப் பின்னால் மகளிடம் கொடுத்தாள்.

"எங்க போகணும்னாலும் சொல்லுங்கப்பா, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் மகள்.

"எங்கயும் போக வேண்டியதில்லம்மா. இன்னிக்கும் சும்மாதான் கிளம்பினேன்." கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தவர், அப்படியே உட்கார்ந்திருந்தார். "சும்மா போகணும்னு ஒருத்தர்கிட்ட எப்படிம்மா கேக்கறது?"