சும்மா இருப்போர் கணக்கு

அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோல வைத்துக்கொண்டார். நகரப் பேருந்துக் கழகத்தின் திட்டப் பிரிவில் அவருக்கு வேலையே நிறுப்பதுதான். ஒரு பஸ்ஸை ஓட்டினால் ஊருக்கு என்ன நன்மை, நிறுத்தினால் யாருக்கு என்ன நட்டம், இரண்டையும் அட்டவணையில் போட்டு, எந்தத் தட்டு தாழ்கிறது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புவார். அந்த வியாதி வீட்டிலும் உண்டு. குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று வாசலில் நின்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மழையே பெய்து ஓய்ந்துவிடும் என்பாள் மனைவி.

மூன்று மாதத்துக்கு முன் அவர் நிறுத்துப் பார்த்து நிறுத்திய பஸ், பதினான்காம் நம்பர். நகரத்தின் கிழக்கோரத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வழியாகச் சந்தை வரை போகும். அதில் ஓடிய வண்டிகளைத் தொழிற்சாலைச் சாலைக்கு மாற்றினார்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் பத்து நிமிடம் முன்னதாக வேலைக்குப் போகிறார்கள், அது பொய்யில்லை. இப்போதைக்கு இது சோதனை ஓட்டம். வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் நிரந்தரமாகிவிடும்.

கிழக்கோரத்தில் அவருடைய அக்கா இருக்கிறாள். பதினான்கில்தான் போவாள் என்று அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். சொந்தக்காரிக்காகத் தட்டைச் சாய்த்தான் என்று நாளைக்கு எவனும் பேசிவிடக் கூடாதென்று, அந்த நினைப்பையே கிட்டே அண்டவிடவில்லை. அதற்கு நேர்மை என்று பெயர் வேறு வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். முதல் பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து, இரண்டாவது பஸ் ஏறி வந்திருந்தாள். உட்காரும் முன்பே பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து நீட்டினாள்.

"இருநூத்திப் பத்துப் பேர்டா. ஒவ்வொரு வீடா ஏறி இறங்கி கையெழுத்து வாங்கியிருக்கேன். யார் யார் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கறாங்கன்னு பக்கத்துலயே எழுதியிருக்கேன் பாரு."

அவர் பார்த்தார். ஐம்பது நிமிடம். ஒன்றேகால் மணி. 'நின்னு பாத்துட்டு வீட்டுக்கே திரும்பிட்டேன்' என்று ஒருவர். அக்காவின் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து கொஞ்சமும் மாறவில்லை. அம்மா போனபோது அவருக்கு ஏழு வயது, அவளுக்குப் பதினாறு. தம்பிக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று அந்த வருடம் படிப்பை விட்டவள் அவள்.

"மாமா எப்படி இருக்கார்?" என்றார், பேச்சை மாற்ற.

அங்கேதான் மாட்டிக்கொண்டார். அக்கா வீட்டுக்காரர் லேத் பட்டறையில் நாற்பது வருடம் இரும்பு கடைந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, டம்ளரைப் பிடிக்கிற அளவுக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இப்ப ரெண்டு பஸ் மாறணும். ஏத்தி இறக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது. அதைப் பாத்துட்டு, 'போதும் விடு, எனக்காக நீ அலையாதே'ன்னு படுத்துட்டார். மூணு மாசத்துல நாலு தடவைதான் போயிருக்கோம். விரல் திரும்ப மடங்கிடுச்சுடா."

பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எந்த மகராசன் இந்த பஸ்ஸை நிறுத்தினானோ தெரியல. நல்லா இருக்கட்டும். அவன் கையில இந்த நோட்டைச் சேத்துடு. உனக்குத்தான் அங்க எல்லாரையும் தெரியுமே."

காபி கொண்டுவந்த மனைவி அவரைப் பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரியும். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

"பாக்கறேன்க்கா" என்றார்.

திங்கட்கிழமை பழைய கோப்பைத் திறந்தார். பயணிகளின் ஒரு மணி நேரத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு பட்டியல். வேலைக்குப் போவோருக்கு ஒரு எண். மாணவர்களுக்கு அதில் பாதி. கடைசி வரியில் படிவப்படி 'வருமானம் இல்லாதோர்' என்று இருக்க வேண்டும். நீளமாக இருக்கிறதென்று அவர்தான் அதை அழித்து 'சும்மா இருப்போர்' என்று தட்டியிருந்தார். மூன்று மாதத்துக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டபோது, அந்த வரிக்கான எண்ணைக் கணக்கெடுப்புப் பிரிவு அனுப்பியிருக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் கூட்ட மறுத்தது. சாப்பாட்டு நேரம், பசி. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பூஜ்யத்தைப் போட்டார். உடனே கூட்டல் வந்தது, தட்டு அழகாகச் சாய்ந்தது, மேலிடம் மெச்சியது.

மறந்துவிட்டார் என்று சொன்னால் அவருக்குப் பரிந்து பேசுவதாகிவிடும். கோப்பு கையெழுத்தாகிற அன்று, லிஃப்டில் ஏறும்போது அந்தப் பூஜ்யம் ஞாபகம் வந்தது. மூன்றாவது மாடி வருவதற்குள் அதை விழுங்கிவிட்டார். இப்போது அந்த இடத்தில் மாணவர்களுக்கான எண்ணைப் போட்டுப் பார்த்தார். தட்டு அப்படியே மறுபக்கம் சாய்ந்தது. காது மடல் சுட்டது. அறையில் வேறு யாரும் இல்லாதபோதும் திரையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

இயக்குநர் அம்மாவிடம் போய்ச் சொன்னார். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புதுசா கிடைச்ச விவரப்படின்னு சொல்லிடுங்க. அவங்களுக்கு பஸ் வந்தா போதும். பழசை எதுக்குக் கிளறணும்?"

தராசு இதையும் நிறுத்துப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நட்டம், சொல்லாவிட்டால் யாருக்கும் இல்லை என்று கணக்கு வந்தது. அந்த ஒரு ஆள் தானேதான் என்பதால் கணக்கு சீக்கிரமாகவே முடிந்தது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அக்கா மாமாவையும் அழைத்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பொதுமக்கள் பேசலாம் என்றதும் எழுந்தாள்.

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க. வேலைக்குப் போறவங்க சீக்கிரம் போகணும், அது நியாயம்தான். நான் வீட்டுல சும்மா இருக்கறவ. ஆனா இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதான்."

சும்மா இருக்கறவ. அவர் தட்டிய அதே சொல்லை அவளே தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அவருக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. பிறகு அவர் முறை வந்தது. "புதிதாகக் கிடைத்த விவரங்களின்படி" என்று நோட்டைக் காட்டி வாசித்தார். பஸ்ஸை மீண்டும் விட முடிவாயிற்று. கைதட்டினார்கள். அக்கா பக்கத்தில் இருந்தவளிடம், "என் தம்பி" என்றாள். சபை முழுக்கக் கேட்டது.

அடுத்த திங்களன்று பதினான்கு மறுபடி ஓடியது. ஆஸ்பத்திரி வரை கூட வருகிறேன் என்று காலையிலேயே கிழக்கோர நிறுத்தத்துக்குப் போனார். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்காவைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார்: பூஜ்யம், சாப்பாட்டு நேரம், லிஃப்ட், அந்த மகராசன் யார் என்பது.

அக்கா பஸ் வரும் திசையைப் பார்த்தாள்.

"என் நேரத்துக்குப் பூஜ்யமா?"

"ஆமாக்கா."

சிரிக்கப் பார்த்தாள். "போகட்டும். நான்தான் ஊரறியச் சொன்னேனே, சும்மா இருக்கறவன்னு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். "அவருக்கு?"

"மாமாவுக்கும் அதேதான்."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றாள். "நாப்பது வருஷம் உழைச்ச மனுஷன்."

பஸ் வந்து நின்றது. மாமா இடது கையை ஊன்றி எழுந்தார். படியருகே வந்தவர் கம்பியைப் பிடிக்கப் பழக்கத்தில் வலது கையைத் தூக்கினார். விரல்கள் விரியவில்லை. கையை இறக்கிக்கொண்டு, பின்னால் நின்ற தராசுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"நீ மொதல்ல ஏறு மச்சான்" என்றார் குழறிய குரலில். "ஆபீஸ் போறவன், உனக்கு நேரமாகும். எனக்கென்ன அவசரம்?"