கால்மிதி

நோட்டீஸைத் தம்பிதான் அடித்துக் கொடுத்தான். அவன் வேலை செய்யும் அச்சகத்தில் மிஞ்சிய மஞ்சள் தாளில்.

'உங்கள் நாயை நடக்க அழைத்துச் செல்கிறோம்' என்று அவள் எழுதிக் கொடுத்திருந்தாள்.

"செல்கிறோம்னா யாரு யாரு?" என்றான் தம்பி.

"நானும் என் ரெண்டு காலும்."

"படிக்கலன்னா மாடு மேய்க்கத்தான் போவேன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. பாவம், மாடுன்னு சொன்னது மட்டும் கொஞ்சம் தப்பிடுச்சு."

தம்பி மனைவி அடுப்படியில் சிரித்தாள். "வெளியில எத வேணா மேய்ங்க அண்ணி. வீட்டுக்குள்ள ஒரு முடி வரக் கூடாது. புள்ளைக்கு மூச்சு இழுக்கும்."

அதனால்தான் அவள் தன் நாயை விட்டுவிட்டு இங்கே வந்திருந்தாள். கணவனும் அவளும் பிரிந்தபோது சண்டை போட எதுவும் மிச்சம் இருக்கவில்லை. அவளுடைய பாத்திரங்களை அவனே துணி சுற்றிக் கட்டிக் கொடுத்தான். நாயை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. அவளுக்கு இடமில்லை. அவனுக்கு இருந்தது.

நாய் டாக்டர் கிளினிக்கில் ஒரு நோட்டீஸ் ஒட்டினாள். முதலில் தையற்காரர் கூப்பிட்டார். பிறகு பல் டாக்டர். பல் டாக்டரிடம் இரண்டு நாய்கள். இரண்டும் ஒரே பக்கம் நடக்காது. ஒன்றை இடது கையில், ஒன்றை வலது கையில் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் போனாள்.

தையற்காரரின் நாய் குண்டு. அவர் கடைக்குக் கிளம்பினால் ஊளையிடும்.

"கிளம்பும்போது அதுகிட்ட சொல்லிக்காதீங்க" என்றாள்.

"சொல்லாம போனா கோவிச்சுக்காதா?"

"நீங்க சொல்றதக் கேட்டுத்தான் அதுக்குப் பயமே. வர்றதும் போறதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கணும். முகத்தப் பாக்காதீங்க. கதவச் சாத்திட்டு நடங்க."

"பொண்டாட்டிகிட்ட நான் அப்படித்தான்."

"அதான் அவங்க ஊளையிடறதில்ல."

தையற்காரர் வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். சொன்னபடி செய்தார். நாய் அடங்கியது. அவர் மூலம் இன்னும் இரண்டு வீடுகள் கிடைத்தன.

ஒரு பகலில் ஒரு பெண் கூப்பிட்டாள். நோட்டீஸைப் பார்த்தாளாம். மாடிப்படி ஏறி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம், இது ஐந்தாம் மாசம். கணவனுக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான்.

"நாய் சாதுதான். மூட்டைன்னு பேரு. யாரு வெச்சாங்களோ."

அவள் தெருவோரம் நின்றாள். தையற்காரரின் நாயும் நின்றது.

"நாளைக்குக் காலையில வரேன்" என்றாள்.

மூன்று மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டாவது மாடியில் கைப்பிடி ஆடும். ஆடியது. மணியை அழுத்தாமல் கதவைத் தட்டினாள்.

அந்தப் பெண் ஒரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு கதவைத் திறந்தாள். கதவை முழுக்கத் திறக்க முடியவில்லை. உள்ளே கால்மிதியில் நாய் படுத்திருந்தது. இந்த வீட்டில் இருந்தபோது அவள் வாங்கிப்போட்ட மிதி. ஓரம் நைந்திருந்தது. பக்கத்தில் அவனுடைய செருப்புகள், குதிகால் பக்கம் தேய்ந்து.

மூட்டை குரைக்கவில்லை. எழுந்து அவள் முழங்கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்தது. அப்படியே நின்றது. அதன் உடம்பு நடுங்கியது. சிறுநீர் கசிந்து மிதி ஈரமானது.

"இப்படி யாருகிட்டயும் பண்ணினதில்ல" என்றாள் அந்தப் பெண்.

"கையெல்லாம் நாய் வாசம். அதுதான்."

வெளியே மூட்டை இழுக்கவில்லை. பழைய வழியில் தானாகத் திரும்பியது. பேக்கரிச் சுவர், பூட்டிய பள்ளிக் கதவு, தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு இடத்திலும் நிமிர்ந்து அவளைப் பார்த்தது. அவள் அதன் காது மடலைத் தடவினாள். காதுக்குள் அழுக்கு இல்லை. யாரோ துடைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றினாள். குனிந்து அதன் நெற்றியில் கை வைத்தாள்.

"போயிட்டு வரேன்."

யோசித்துச் சொன்னதில்லை. அவள் பிறந்த வீட்டில் யாரும் போறேன் என்று சொல்லக் கூடாது. அம்மா விடமாட்டாள். கல்யாணமான பிறகும் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் நாய்க்குட்டியிடம் அதைத்தான் சொன்னாள். அதைக் கேட்டதும் குட்டி மிதியில் போய் உட்காரும். சாயங்காலம் கதவைத் திறந்தால் அங்கேயே இருக்கும்.

இப்போதும் மிதியில் உட்கார்ந்தது. கதவைப் பார்த்து.

அவள் இரண்டாவது மாடி இறங்குவதற்குள் மேலே அழுகை தொடங்கியது. கதவில் நகம் கீறும் சத்தமும் கேட்டது.

மறுநாள் அந்தப் பெண் அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவள் உட்காரவில்லை. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. இருவரும் மெதுவாகப் பேசினார்கள்.

"நேத்து இது போட்ட சத்தத்துல அவரு எழுந்துட்டாரு."

"இனிமே சத்தம் போடாது."

"சத்தம் மட்டும் இல்ல. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இது இந்த மிதியிலதான் கிடக்கு. கூப்பிட்டா கூடத்துக்கு வராது. தட்ட இங்க கொண்டுவந்து வெச்சாதான் சாப்பிடும். போன வாரம் நான் தடுக்கி விழப் பாத்தேன்." அந்தப் பெண் வயிற்றின்மேல் கை வைத்தாள். "அவங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு இவரு சொல்றாரு. ரொம்ப தூரம். அங்க கட்டித்தான் போடுவாங்க."

அவள் மூட்டையைப் பார்த்தாள். அது அவள் காலின்மேல் தாடையை வைத்திருந்தது.

வீட்டைக் காலி செய்த நாள் அவளுக்கு நினைவு வந்தது. கீழே வண்டி நின்றது. கணவன் வேண்டுமென்றே சீக்கிரம் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் நாய் மட்டும் இருந்தது. கதவைச் சாத்துமுன் அதனிடம் சொல்லிக்கொண்டாள், எப்போதும் சொல்வதைப்போல.

"போன்ல நான் அட்ரஸ் சொல்லவே இல்லீங்க" என்றாள் அந்தப் பெண். "நீங்களும் கேக்கல. வந்துட்டீங்க."

அவள் பெல்ட்டின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

"அவருக்குத் தெரியாது. நான் சொல்லப் போறதும் இல்ல. நீங்க வர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இது இங்கேர்ந்து எழுந்திரிக்கணும்."

"எழுந்திரிக்கும்."

"எப்படி?"

அவள் பெல்ட்டை மாட்டினாள். நாயின் முகத்தைப் பார்க்காமல் மாட்டினாள்.

அன்றிலிருந்து அவள் அதை மற்ற நாய்களைப்போல நடத்தினாள். மற்ற நாய்களிடமாவது பேசினாள். மூட்டை மூக்கால் அவள் உள்ளங்கையைத் தேடியது. அவள் கையைப் பையில் விட்டுக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி அருகே அது உட்கார்ந்து அவளைப் பார்த்தது. அவள் பேருந்துகளைப் பார்த்தாள். பழைய வழியை மாற்றினாள். திரும்பி வந்ததும் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கினாள். அழுகை கீழ்வாசல் வரை கேட்டது. பிறகு முதல் மாடி வரை. பிறகு நின்றது.

"நீங்க சொன்னது எங்க வீட்ல பலிச்சிடுச்சு" என்றார் தையற்காரர். "உங்க முகம்தான் சரியில்ல."

"வெயில்."

"காலையில ஏதுங்க வெயில்?"

அவள் குண்டு நாயை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அழுகை நின்றதே தவிர மூட்டை மிதியை விட்டு எழவில்லை.

"சத்தமில்லாம காத்துட்டிருக்கு" என்றாள் அந்தப் பெண். "இது அதவிடக் கஷ்டமா இருக்குங்க. இவரு அண்ணனுக்குப் போன் பண்ணிட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாராம்."

அவள் வாசலிலிருந்தே கூடத்தைப் பார்த்தாள். உள்ளே சுவர்க் கடிகாரம் மாற்றப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"நீங்க எங்கயாவது வெளிய போவீங்களா?"

"எங்க போறது? எதிர் வீட்டுக்குப் போவேன். குப்பை வெக்க வாசலுக்கு வருவேன்."

"அது போதும். போறப்ப இதுகிட்ட போயிட்டு வரேன்னு சொல்லுங்க. நெத்தியில கை வெச்சுச் சொல்லணும்."

"நானா?"

"சொல்லிட்டு உடனே வந்துடுங்க. வந்ததும் ஏதாவது குடுங்க. மறுபடி போங்க. நாள் பூரா. கொஞ்சம் கொஞ்சமா நேரத்தக் கூட்டுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் வந்துடணும். ஒரு தடவகூட ஏமாத்தக் கூடாது."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். "அது நீங்க சொல்றதில்லையா?"

"நான் சொல்றதில்ல இப்போ."

"இது என்னை நம்புமா?"

"யாரு திரும்பி வராங்களோ அவங்களத்தான் நம்பும்."

அன்று படியிறங்கும்போது மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பழக்கமில்லாத குரலில் அந்தச் சொற்கள் கேட்டன. கதவு சாத்தியது. உடனே திறந்தது. அவள் ஆடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். சாத்தியது. திறந்தது.

அடுத்தடுத்த நாட்களில் அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மூட்டை மிதியிலிருந்து எழுந்து வந்தது, நடந்தது, மிதிக்குத் திரும்பியது.

சனிக்கிழமை காலை கதவு முழுதாகத் திறந்தது. மிதி காலியாக இருந்தது.

"கூடத்துல படுத்திருக்கு" என்றாள் அந்தப் பெண். சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. "நேத்து ராத்திரி என் கட்டில்கிட்ட வந்து படுத்துச்சு. இவரு காலையில வந்து பாத்துட்டு அண்ணனுக்கு வேண்டாம்னு சொல்லிட்டாரு."

"நல்லது."

மூட்டை கூடத்திலிருந்து வந்தது. வழியில் சோம்பல் முறித்தது. வாலை ஆட்டியது. தையற்காரரின் நாயும் அவளைப் பார்த்து அப்படித்தான் ஆட்டும்.

நடந்தார்கள். அது நடுவில் உட்காரவில்லை. அவள் கையைப் பையிலிருந்து எடுத்துத் தொங்கவிட்டாள். அது தேடவில்லை.

திரும்பி வந்து பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இன்னைக்குச் சொல்லிட்டுப் போங்க" என்றாள் அந்தப் பெண். "இனிமே பரவால்ல."

அவள் தயங்கினாள். பிறகு குனிந்து நெற்றியில் கை வைத்தாள்.

"போயிட்டு வரேன்."

மூட்டை தலையைத் திருப்பி அந்தப் பெண்ணைப் பார்த்தது.

அவள் இறங்கினாள். இரண்டாவது மாடியில் கைப்பிடி ஆடியது. மேலே சத்தம் எதுவும் இல்லை. பல் டாக்டர் வீட்டுக்கு நேரமாகியிருந்தது.